பன்றி என்று நினைத்தேன்

இந்த மூன்று சொற்களுக்கு உள்ள சக்தி எந்த மந்திரத்துக்கும் கிடையாது. சுட்டவன் ஒரு தடவை இதைச் சொல்லிவிட்டால் போதும். செத்தவன் பாதிக் குற்றவாளி ஆகிவிடுவான். அந்த வேளையில் அங்கே அவனுக்கு என்ன வேலை? புதருக்குள் ஏன் குனிந்தான்? போகும்போது ஒரு குரல் கொடுத்தால் என்ன? மண் நிறத்தில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு போனால் யாருக்குத்தான் தெரியும்? இத்தனை கேள்விகளும் பிணத்தைப் பார்த்து. சுட்டவனைப் பார்த்துக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ஐயோ பாவம், காலையிலிருந்து ஏதாவது சாப்பிட்டாயா?"

மலைப் பக்கத்து ஊர்களிலிருந்து இந்தச் செய்தி பத்திரிகை மூலையில் அவ்வப்போது வருகிறது. ஆறு வரி, ஏழு வரி. நாட்டுத் துப்பாக்கி, முயல் வேட்டை அல்லது பன்றி வேட்டை, குறி தவறியது, உடன் சென்றவர் பலி. "குறி தவறியது" என்று எழுதுகிறார்களே, அதைத்தான் நான் முதலில் ஆட்சேபிக்கிறேன். குறி எங்கே ஐயா தவறியது? பார்த்த இடத்தில்தானே பட்டிருக்கிறது! தவறியது கண். அதற்கும் முன்னால் தவறியது புத்தி.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போய், கோமுகி அணைப் பக்கமாக மலை ஏறினால் வெள்ளிமலை வருகிறது. கயிலையங்கிரிக்கும் இதே பெயர் உண்டு. ஆனால் இங்கே இருப்பது பனியும் தவமும் அல்ல. சாமையும் தினையும் மரவள்ளியும், அவற்றை நம்பி வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்களும். (கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) கல்வராயன் மலையில் ஜாகிர்தார்களின் அதிகாரம் ஒழிந்ததே 1976-ல்தான், அதாவது நாடு சுதந்திரம் அடைந்து 29 வருஷம் கழித்து. மரவள்ளிக் கிழங்கு மனிதனுக்குப் பிடிப்பதைவிடப் பன்றிக்கு அதிகமாகப் பிடிக்கும். ஒரு குடும்பத்தின் வருஷ வரும்படியை ஒரே ராத்திரியில் உழுது போட்டுவிட்டுப் போய்விடும். ஆகவே கொல்லையில் ஒரு பரண். பரணில் ஓர் ஆள். சில பரண்களில் ஆளோடு ஒரு துப்பாக்கி. உரிமம் இல்லாத துப்பாக்கிகளை ஒப்படைத்துவிடுங்கள் என்று போலீசார் கெடு வைப்பதும், ஊர்க்காரர்கள் சிலவற்றைக் கொண்டுவந்து போடுவதும் அந்தப் பக்கத்தில் பழகிப்போன சமாசாரம். போட்டது போக மிச்சம் எங்கே இருக்கிறதென்று துப்பாக்கிக்கும் அதன் சொந்தக்காரனுக்கும்தான் தெரியும்.

வேட்டை என்றால் ஒரு வீரன் தன்னந்தனியே துப்பாக்கியோடு நடப்பான், புலி எதிரே வரும், இருவரும் கண்ணோடு கண் பார்ப்பார்கள் என்பதெல்லாம் நாவலில். நிஜத்தில் நாலைந்து பேராகப் போகிறார்கள். இரண்டு பேர் புதரைக் கலைத்துக்கொண்டு வருவார்கள். மற்றவர்கள் எதிர்ப் பக்கத்தில் இடைவெளி பார்த்துக் காத்திருப்பார்கள். நேரம் அந்தி, அல்லது விடிவதற்கு முந்திய சாம்பல் வெளிச்சம். மிருகம் எந்த இடைவெளியில் வெளியே வருமோ, கலைக்கிறவனும் அந்த இடைவெளியில்தான் வருவான். காத்திருப்பவன் ஒரு மணி நேரமாக மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் மனம் முழுவதும் பன்றி. சருகு சலசலக்கிறது, கறுப்பாக ஏதோ அசைகிறது. பன்றியை எதிர்பார்த்த கண்ணுக்கு அது பன்றியாகத்தானே தெரியும்? விரல் மடங்குகிறது. ஓடிப் போய்ப் பார்த்தால் மைத்துனன் கிடக்கிறான்.

அந்த மைத்துனன் என்ன உடுத்தியிருந்தான் என்பதுதான் என் விஷயம். பாசி நிறச் சட்டை, கரு நீலக் கைலி, இல்லாவிட்டால் பழைய காக்கிக் கால்சட்டை. ஏன் இந்த வேஷம் என்று கேட்டால், பளிச்சென்று உடுத்தினால் மிருகம் பார்த்துவிடுமாம். இதைப்போலப் பெரிய புளுகு கிடையாது. மானுக்கும் பன்றிக்கும் நம்மைப்போல மூன்று வகை நிற உணர்வு இல்லை, இரண்டுதான். சிவப்பையும் ஆரஞ்சையும் பச்சையிலிருந்து பிரித்து அறியும் சக்தி அவற்றுக்குப் பெரும்பாலும் கிடையாது. நமக்குத் தீப்பிடித்ததுபோல் தெரியும் ஆரஞ்சு மேல்சட்டை, மானின் கண்ணுக்கு மங்கலான இலைக் கூட்டத்தில் மற்றொரு மங்கல். மிருகத்துக்குத் தெரியாமல் மனிதனுக்கு மட்டும் தெரியும் நிறம் ஒன்றை இயற்கை இலவசமாகக் கொடுத்திருக்கிறது. அதை வேண்டாம் என்பவன் மிருகத்திடமிருந்து ஒளியவில்லை. வனக் காவலரிடமிருந்து ஒளிகிறான். சர்க்காருக்குத் தெரியாமல் இருக்க அவன் உடுத்தும் நிறம், அவனைத் தன் கூட்டாளிக்கும் தெரியாமல் செய்துவிடுகிறது.

இந்த இடத்தில் சட்டம் படித்த ஒரு கனவான் எழுந்திருப்பார். "1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையே தடுத்திருக்கிறதே! குற்றம் செய்பவனுக்கு என்ன உடை பொருத்தம் என்று நீர் யோசனை சொல்கிறீர். நாளைக்குத் திருடனுக்குக் கையுறை சிபாரிசு செய்வீரோ?" என்பார். கேள்வி சாமர்த்தியமானது, அதில் சாமர்த்தியம் மட்டும்தான் இருக்கிறது. தடை இருக்கிறது, வாஸ்தவம். தடைக்குப் பிறகும் மனிதர்கள் சாகிறார்கள், அதுவும் வாஸ்தவம். அது மட்டும் அல்ல. சட்டமே இப்போது துப்பாக்கிக்குச் சிறிது வழி விடத் தொடங்கியிருக்கிறது. கேரளத்தில் 2022-ல், பயிரை அழிக்கும் பன்றிகளை உரிமம் பெற்றவர்களைக் கொண்டு சுடச் சொல்லும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில், காப்புக் காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து வயலை அழிக்கும் பன்றிகளை வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்களே சுடலாம் என்று அறிவித்தார்கள். 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, இடைப்பட்ட தூரத்தில் பிடித்துக் காட்டில் கொண்டு விட வேண்டும். வெள்ளிமலைப் பக்கத்தில் காடு எங்கே முடிகிறது, கொல்லை எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பதே கஷ்டம். அங்கே இந்த 3 கிலோமீட்டர் யாருக்குப் பிரயோஜனம் என்பது தனிக் கேள்வி. அது கிடக்கட்டும். எங்கே எத்தனை பேர் சர்க்கார் அனுமதியோடு துப்பாக்கி எடுத்தாலும், அவர்கள் உடம்பில் என்ன இருக்க வேண்டும் என்பது அனுமதிக் கடிதத்தின் முதல் வரியாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

என்ன இருக்க வேண்டும்? நகரத்தில் தெருவைச் சுத்தம் செய்கிறவர்களும் சாலை போடுகிறவர்களும் அணிகிறார்களே, அந்த ஒளிரும் மேல்சட்டை. அமெரிக்க மாநிலங்களில் 1960-களிலிருந்து வேட்டைக்காரர்களுக்கு இந்த ஆரஞ்சைச் சட்டமாக்கத் தொடங்கினார்கள். காவி வேட்டி இதற்கு ஈடாகாது. அந்தச் சாயம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு ஆரஞ்சு வெளிச்சமாகத் திருப்பிக் கொடுக்கிறது. ஆகையால்தான் மேகமூட்டத்திலும் அந்தியிலும் சுற்றியுள்ள பொருள்களைவிடத் துலக்கமாக நிற்கிறது. முன்காலத்தில் சிவப்புத் துணி கட்டிப் பார்த்தார்கள். பொழுது சாயும்போது சிவப்பு கறுத்துப்போகிறது. சிவப்பையும் பச்சையையும் பிரித்து அறியாத கண் உள்ள ஆண்களும் இருக்கிறார்கள். எனவே அதை விட்டார்கள்.

ஆனால் வாங்கி மாட்டிக்கொண்டால் மட்டும் தீராது. நம்மவர்கள் தலைக்கவசத்தை வண்டியின் கண்ணாடியில் தொங்கவிட்டு ஓட்டுகிற ஜாதி. மேல்சட்டையைப் போட்டு அதன் மேல் குளிருக்கு ஒரு போர்வை. முதுகில் ஒரு சாக்குப் பை. முன்னால் மூன்று விரற்கடை ஆரஞ்சு தெரிந்தால் அது உடை அல்ல, பொட்டு. அந்தத் துணி எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும். முன்னும் பின்னும் பக்கமும் தெரிய வேண்டும். தலையிலும் இருக்க வேண்டும், ஏனென்றால் புதரிலிருந்து எழுந்திருப்பவனுக்கு முதலில் வெளியே வருவது தலை. வெயிலில் காய்ந்து, பல தடவை வெளுத்து, சாயம் செத்துப்போன மேல்சட்டையைச் சிக்கனத்துக்காக வைத்துக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. இரவில் நிலைமை வேறு. சூரியன் இல்லாத நேரத்தில் ஒளிரும் சாயமும் சாதாரணச் சாயம்தான். அப்போது உதவுவது, டார்ச் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும் வெள்ளிப் பட்டை. அதுவும் நெஞ்சில் மட்டும் இருந்தால் போதாது, முதுகிலும் வேண்டும். கூட்டத்தில் துப்பாக்கி பிடிப்பவனுக்கு மட்டும் அல்ல, கலைக்கிறவனுக்கும் வேண்டும். அமெரிக்காவில் வேட்டை நாய்க்குக்கூட அணிவிக்கிறார்கள்.

சரியாகத் தெரியாத நிறம் இல்லாத நிறமே என்பதற்கு நம் புராணத்தில் ஒரு சாட்சி உண்டு. கண்ணபிரான் எப்போதும் பீதாம்பரதாரி. மஞ்சள் பட்டைவிடப் பளிச்சென்ற உடை எது? ஆயினும் கடைசி நாளில் மரத்தடியில் அவன் சாய்ந்திருந்தபோது, ஜரன் என்ற வேடன் கண்ணில் பட்டது பீதாம்பரம் அல்ல, பாதம் மட்டும். அதை மான் என்று நினைத்தான். அம்பை விட்டான். துவாபர யுகமே அந்த நினைப்பில் முடிந்தது.

சரி, முழுதும் தெரியும்படி உடுத்தியாகிவிட்டது. இனிப் பயம் இல்லையே என்பீர்கள். இருக்கிறது. 2006 பிப்ரவரி 11-ஆம் தேதி தெற்கு டெக்சாஸில் காடை வேட்டை நடந்தது. சுட்டவர் சாதாரண ஆள் அல்ல. அமெரிக்காவின் துணை ஜனாதிபதி டிக் சேனி. பட்டவர் அவருடைய கூட்டாளியான ஹாரி விட்டிங்டன் என்ற 78 வயது வக்கீல். வக்கீல் ஆரஞ்சு அணிந்திருந்தார். பறவையைத் தொடர்ந்து துப்பாக்கியைத் திருப்பிய துணை ஜனாதிபதியின் கண், பறவையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. ரவைகள் முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் பாய்ந்தன. அந்தக் கிழவர் தாம் திரும்பி வந்ததை அறிவிக்கவில்லை என்று முதலில் பழி சொல்லிப் பார்த்தார்கள். உச்சக் கட்டம் அதற்கும் பிறகு: ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்த விட்டிங்டன், துணை ஜனாதிபதிக்கும் குடும்பத்துக்கும் நேர்ந்த சங்கடத்துக்காகத் தாம் மிகவும் வருந்துவதாகச் சொன்னார்! சுடப்பட்டவன் சுட்டவனிடம் துக்கம் விசாரிக்கிறான். நம் மலையூர்ப் பஞ்சாயத்துக்களுக்கும் அமெரிக்க மாளிகைகளுக்கும் தூரம் ஒன்றும் அதிகம் இல்லை.

இதைவிடக் கொடியது மெயின் மாநிலத்தில் நடந்தது. 1988 நவம்பரில், ஹெர்மன் என்ற ஊரில், இரட்டைப் பெண் குழந்தைகளுக்குத் தாயான ஓர் இளம் பெண் தன் வீட்டின் பின்புறத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையில் வெள்ளைக் கையுறை. மான் வேட்டைக்கு வந்த ஒருவன் அதை மானின் வால் வெள்ளை என்று நினைத்தான். சொந்த வீட்டின் கொல்லையில் அந்தத் தாய் செத்து விழுந்தாள். ஊரார் என்ன சொன்னார்கள் தெரியுமா? வேட்டைப் பருவத்தில் ஆரஞ்சு உடுத்தாமல் வெளியே வந்தது அவள் தப்பு என்று பலர் சொன்னார்கள். பத்திரிகைக்குக் கடிதமும் எழுதினார்கள். வழக்கில் 1990-ல் வேட்டைக்காரன் விடுதலையானான்.

நான் இத்தனை நேரம் புகழ்ந்த துணியின் மறுபக்கம் இதுதான். துப்பாக்கி எடுப்பவனுக்கு விதித்த கடமை, நாலு நாளில் துப்பாக்கி எடுக்காதவன் தலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. காப்பாற்ற வந்த நிறம் குற்றப் பத்திரிகை ஆகிவிடுகிறது. நாளைக்கு வெள்ளிமலையில் சர்க்கார் செலவில் ஆயிரம் ஆரஞ்சு மேல்சட்டைகளைக் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடுக்காய் பொறுக்கப் போகும் கிழவி அன்று அதை வீட்டில் மறந்துவிட்டுப் போய்க் குண்டு பட்டால், "சர்க்கார் கொடுத்ததைப் போட்டுக்கொள்ள வலிக்கிறதா?" என்று கேட்க நூறு பேர் வருவார்கள். காடு அவள் புழங்கும் இடம். கடுக்காயும் புளியும் தேனும் எடுக்க அவள் பாட்டி போன பாதையில் அவள் போகிறாள். அங்கே நடமாட அவள் சீருடை அணிய வேண்டியதில்லை.

வழிப்போக்கனுக்குப் புத்திமதி சொல்வது நமக்குப் பழைய வழக்கம். இந்த மலைக்கு வடக்கே உள்ள செங்கத்தை ஆண்ட நன்னன்மேல் பாடிய மலைபடுகடாத்தில், தினைப்புனம் காக்கும் குறவர்கள் பரண்மேல் ஏறி யானையை விரட்டக் கவண்கல் வீசுவதைச் சொல்லி, அந்தக் கல்லுக்குத் தப்ப மரத்தின் மறைவில் போங்கள் என்று கூத்தர்களை எச்சரிக்கிறார் புலவர். நல்ல யோசனை. ஆனால் கல் வீசுகிறவனுக்கு, "கீழே கூத்தர்கள் வருவார்கள், பார்த்து எறி" என்று ஒரு வரி உண்டா? இல்லை. கவண் போய்த் துப்பாக்கி வந்த பிறகும் அந்த ஒரு வரி சேரவில்லை.

மெயின் மாநிலத்தார் அதைச் சேர்த்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயஸ்தன் அல்ல. அந்தத் தாயின் சாவுக்குப் பிறகு, 1991-ல், சுடுகிறவன் எதைச் சுடுகிறான் என்று நிச்சயமாக அறிந்த பிறகே சுட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். மிருகத்தின் தலையும் உடலும் மறைவின்றித் தெரிய வேண்டும். சத்தத்தை மட்டுமோ, அசைவை மட்டுமோ, நிறத்தை மட்டுமோ நம்பிச் சுடக் கூடாது. இதைப் படித்தபோது எனக்கு அயோத்தி மன்னன் தசரதன் ஞாபகம் வந்தான். சத்தம் கேட்ட திசையில் பார்க்காமலே அம்பு விடும் வித்தைக்குப் பெயர் பெற்றவன். நீர் மொள்ளும் குடத்தின் ஓசையை யானை என்று நினைத்தான். குருட்டுத் தாய் தந்தையரின் ஒரே பிள்ளையைக் கொன்றான். இன்று மெயினில் இருந்தால் அந்த வித்தையே குற்றம். இருந்தும் தசரதனுக்கு நான் மரியாதை கொடுப்பேன். இருட்டில் உங்கள் பிள்ளை ஏன் ஆற்றுக்கு வந்தான் என்று அவன் அந்தக் குருடர்களைக் கேட்கவில்லை. தானே போய்ச் செய்ததைச் சொல்லிச் சாபத்தைத் தலையில் வாங்கிக்கொண்டான்.

நம்முடைய நீதிமன்றங்கள் சில சமயம் தசரதனைவிட இரக்கம் காட்டியிருக்கின்றன. கழுதைப்புலி என்று நினைத்து மனிதனைச் சுட்டவனுக்கு 1952-ல் நாகபுரியிலும், மக்காச்சோளக் கொல்லையில் கரடி என்று நினைத்து அம்பு விட்டவனுக்கு 1978-ல் ஒரிஸாவிலும், தற்செயல் விபத்து என்ற பிரிவு கைகொடுத்தது. மழை, இருட்டு, மனிதர் நடமாட்டம் எதிர்பாராத இடம் என்று அந்தந்த வழக்குக்கு அந்தந்தக் காரணம் இருக்கும். நான் தீர்ப்புச் சொல்லும் பதவியில் இல்லை. ஆனால் அந்தப் பிரிவே, செய்கை சட்டப்படியானதாக இருக்க வேண்டும், தக்க எச்சரிக்கையோடு செய்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறது. திருட்டுத் துப்பாக்கி, தடுக்கப்பட்ட வேட்டை, ஒளிந்துகொள்ள ஒரு பாசி நிறச் சட்டை: இதில் எந்த இழையில் எச்சரிக்கை இருக்கிறது? கவனக் குறைவால் உயிர் போனால் பழைய தண்டனைச் சட்டத்தில் அதிகபட்சம் 2 வருஷம்; 2024 ஜூலை முதல் தேதி வந்த புதிய சட்டத்தில் 5 வருஷம். வருஷத்தைக் கூட்டியது சரிதான். கூட்டத்தில் எவனாவது ஒருவன் ஒளிரும் துணி இல்லாமல் வந்திருந்தால், அவனை அழைத்துப் போனதே எச்சரிக்கைக் குறைவு என்றும் எழுதிவிடலாம். அப்போது "பன்றி என்று நினைத்தேன்" என்பது வாதம் ஆகாது, வாக்குமூலம் ஆகும்.

இதில் மலைக்காரனுக்கு மட்டும்தான் பங்கு என்று நினைத்து நீங்கள் நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்ப வேண்டாம். அருவி பார்க்கவும் குளிர் காற்று வாங்கவும் சமவெளியிலிருந்து கார்கள் வெள்ளிமலைக்கு ஏறுகின்றன. நல்ல சம்பளம், நல்ல படிப்பு, நல்ல குடும்பம். டீக்கடைக்காரரைத் தனியே அழைத்து, "காட்டுப்பன்றிக் கறி கிடைக்குமா?" என்று காதோடு கேட்கும் பெரிய மனிதர்களும் அந்தக் கார்களில் உண்டு. வீட்டில் கோழியை உரித்துப் போடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொள்பவர்கள் இவர்கள். இங்கே விலையைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள். அந்தப் பணம்தான் மருந்தும் ரவையுமாக மாறி அந்தியில் புதரோரம் போய் உட்காருகிறது. கொல்லையைக் காக்க எடுத்த துப்பாக்கியை விருந்தாளிக்காகத் தூக்க வைத்தது யார் என்று ஆறு வரிச் செய்தியில் வராது.

அந்தக் காரிலிருந்து இறங்கும் பிள்ளையாண்டானையும் பாருங்கள். ராணுவத்தார் அணிவதுபோல் இலையும் சேறும் அச்சடித்த கால்சட்டை, அதே அச்சில் பனியன், தலையில் அதே தொப்பி. பனகல் பூங்கா நடைபாதையில் பேரம் பேசி அம்மா வாங்கிக் கொடுத்தது. பிள்ளை பட்டாளத்து அதிகாரி மாதிரி இருக்கிறான் என்று அவளுக்குப் பெருமை. ஆறு மணிக்கு மேல், இருட்டுகிற நேரத்தில், கைப்பேசியில் படம் எடுக்க அவன் மரவள்ளிக் கொல்லைக்குள் இறங்குகிறான். பரணில் ஓர் ஆள் இருக்கிறான்.